கருட சேவை அன்று ஒரு குப்பி ரத்தத்தோடு காஞ்சியிலிருந்து சென்னைக்கு

இந்த வலைப்பதிவில் நான் என்ன எழுதுவேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய ஊர், அதற்கு எந்தப் பேருந்து, கோயில் எத்தனை மணிக்கு நடை சாத்தும், எங்கே சாப்பிட்டால் வயிறு கெடாது. மாகறல் கோயில் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அங்கே போய் வந்தவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். இந்த முறையும் பயணம்தான். நேரம், தூரம், கட்டணம் எல்லாம் வழக்கம்போல எழுதுகிறேன். ஆனால் நான் போனது சாமி பார்க்க அல்ல. என் தங்கையின் ரத்தத்தை எடுத்துக்கொண்டு வைரஸ் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன், அந்தப் பயம் இன்னும் முழுசாக விடவில்லை.

நடந்தது இந்த வைகாசியில். நான் இருப்பது செங்கல்பட்டு. என் ஒரே தங்கை கோமதி காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக்காரர் ஏழுமலை பட்டு நெய்கிறவர். தறி சொந்தம், பட்டும் ஜரிகையும் முதலாளியுடையது. முதலாளி பாவைக் கொடுப்பார், இவர் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். அதற்கு அரிசிக் கஞ்சி போட்டு விறைப்பாக்கித்தான் தறியில் ஏற்றுவார்கள். இந்த அரிசிக் கஞ்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எலிக்கு அது விருந்து.

கோமதிக்கு ஜுரம் வந்து நாலு நாள் ஆகியும் எனக்குச் சொல்லவில்லை. வெயில் சூடு என்று நினைத்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறாள். அப்புறம் வாந்தி, இடுப்பு ஒடிகிற மாதிரி வலி, கண்ணெல்லாம் சிவப்பு. ஐந்தாம் நாள் விடியற்காலையில் ஏழுமலை போன் செய்தார். முதலாளி காரிலேயே மருத்துவமனையில் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம், நேற்றிலிருந்து அவள் ஒன்றுக்கே போகவில்லை என்றார். எங்கள் அப்பா போனதும் கிட்னியால்தான்.

செங்கல்பட்டிலிருந்து வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் சுமார் நாற்பது கிலோமீட்டர். காலை 6.10 பேருந்தில் ஏறினேன், கட்டணம் முப்பத்திரண்டு ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். மருத்துவமனை வாலாஜாபாத் சாலையிலேயே ஊருக்கு வெளியே இருப்பதால் நடுவழியில் இறங்கிக்கொள்ளலாம். தெரியாமல் நேராகப் பேருந்து நிலையம் போய்விட்டால் திரும்பி வர ஆட்டோவுக்கு அழ வேண்டும்.

கோமதியைப் பார்த்ததும் நான் அழுதுவிட்டேன், மறைக்காமல் சொல்கிறேன். முகம் ஊதி, கண் ரத்தமாக இருந்தது. என்னைப் பார்த்து, “நீ எதுக்கு கா லீவு போட்டுக்கினு வந்த” என்று கேட்டாள். அதுதான் கோமதி.

அவளைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நிதானமாகப் பேசுகிறவர். ரத்தத்தில் தட்டணுக்கள் ரொம்ப இறங்கியிருக்கின்றன, கிட்னி சரியாக வேலை செய்யவில்லை, டெங்கு இல்லை, மலேரியா இல்லை, எலிக் காய்ச்சலுக்கான டெஸ்டும் இப்போதைக்கு இல்லை என்றுதான் காட்டுகிறது, ஆனாலும் அதற்கான மருந்தைத் தொடங்கிவிட்டோம் என்றார். பிறகு ஏழுமலையைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். வயலில் இறங்குவாளா, தேங்கின தண்ணீரில் நிற்பாளா, வீட்டில் எலி உண்டா, எலிப்புழுக்கை, எலி கடித்த சாமான் எதையாவது பார்த்தீர்களா.

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்” என்றார் ஏழுமலை.

அவருக்குப் பக்கத்தில் முதலாளி நின்றிருந்தார். அவரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல முடியாது. கார் அவருடையது, முன்பணம் கட்டியதும் அவர்தான், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றுகொண்டிருந்தார். அவரும், தறி வீட்டில் எலியை விட்டுவைப்பார்களா மேடம் என்று ஒத்து ஊதினார். நானும் அப்படித்தான் நம்பினேன். டாக்டரம்மா சரி என்று தலையசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மறுநாள் கோமதிக்கு மாற்றுத்துணி எடுக்க ஏழுமலையோடு வீட்டுக்குப் போனேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். அவர் பீரோவில் துணி தேடிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. பூட்டிக் கிடந்த வீடு குப்பையாக இருந்தது. துடைப்பத்தை எடுத்துக் கூடத்தைப் பெருக்கிக்கொண்டே தறிப் பக்கம் வந்தேன். அது குழித்தறி. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்கு இடுப்பளவு பள்ளம் இருக்கும். அதில் இறங்கி இரண்டு வீச்சு பெருக்கியிருப்பேன், தூசி குப்பென்று முகத்தில் ஏறித் தும்மல் வந்தது. தும்மிவிட்டுக் குனிந்து பார்த்தால் துடைப்பத்தின் நுனியில் கருப்புக் கருப்பாக எலிப்புழுக்கை. மூலையில் கழிவுப் பட்டு நூலையும் காகிதத்தையும் கடித்துப் பஞ்சாக்கி ஒரு கூடு.

மேலே ஏறிப் பாவின்மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியை விலக்கினேன். அரக்குச் சிவப்பு, முகூர்த்தப் புடவைக்கானது. ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு இழைக்கு இழை முடிச்சு. நெசவில் ஒன்றிரண்டு இழை அறுவது சகஜம், முடிந்துகொண்டு போவார்கள். ஒரு சாண் முழுக்க யாரும் முடிய மாட்டார்கள்.

இது என்ன என்று கேட்டேன். ஏழுமலை துணிப்பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

“எலி கடிச்சிருக்குது கா. அமாவாசைக்கு முன்னாடியே பாத்தேன். நேத்து ஆஸ்பத்திரியில முதலாளி பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாரு, டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றது? முகூர்த்தப் பாவுல எலி வாய் வெச்சதுன்னா பொண்ணு வூட்டுல தொடுவாங்களா? அபசகுனம்னு திருப்பிடுவாங்க. அப்புறம் எனக்கு முகூர்த்தப் பாவே குடுக்க மாட்டாரு கா.”

எங்கள் பக்கம் இது வெறும் பேச்சல்ல. கல்யாணத் துணியை எலி கடித்தால் அந்தக் கல்யாணத்துக்கே ஆகாது என்பார்கள். ஒரு வீட்டுப் பாவை எலி கடித்தது என்று வெளியே தெரிந்தால் அந்தத் தறிக்கே ராசி இல்லை என்று பேர் வந்துவிடும். அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த நிமிஷம் அவரை ஓங்கி அறையலாம் போல இருந்தது. கட்டிக்கொள்ளப் போகிறவள் நன்றாக இருக்க வேண்டும், நெய்கிறவன் பொண்டாட்டி சாக வேண்டுமா என்று கேட்டுவிட்டேன். அவர் தறிப் பலகையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். திட்டியதற்கு எனக்கே கஷ்டமாகப் போய்விட்டது.

போகிற வழியில் மிச்சத்தையும் சொன்னார். அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்றைக்குத்தான் கோமதி குழியில் இறங்கிச் சுத்தம் செய்து, தறிக்குக் கற்பூரம் காட்டுவாள். குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்கக்கூடாது என்பது அந்த வீட்டுப் பழக்கம். தறிக்கால் ஊறிவிடும், ஈர மண் பட்டில் ஒட்டிவிடும். அதனால் எப்போதும் காய்ந்த துடைப்பத்தால்தான் பெருக்குவது. போன அமாவாசைக்குப் பெருக்கிவிட்டு, மூக்கெல்லாம் எரிகிறது என்று சொல்லிக்கொண்டே குளிக்கப் போனாளாம். அது நடந்து பத்துப் பன்னிரண்டு நாளில் ஜுரம்.

டாக்டரம்மாவிடம் ஏழுமலை எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவர் திட்டவில்லை. இன்னொரு தரம் முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். சில எலிகளின் மூத்திரத்திலும் புழுக்கையிலும் ஒரு வகை வைரஸ் இருக்கும், பெயர் ஹான்டா. எலி கடிக்கவே வேண்டாம். காய்ந்த புழுக்கையைப் பெருக்கும்போது தூசியோடு மூச்சில் போய்விடும், சிலருக்குக் கிட்னியைப் பிடிக்கும். எலிக் காய்ச்சல் என்று நாம் சொல்வது பாக்டீரியாவால் வருவது, அதற்கு மருந்து உண்டு. இதற்கென்று தனி மருந்து கிடையாது. ஆனால் இதுதான் என்று தெரிந்தால் நரம்பில் ஏற்றுகிற தண்ணீரை அளந்து ஏற்றலாம், தெரியாமல் அதிகம் ஏற்றினால் நுரையீரலில் போய்க் கட்டிக்கொள்ளும். வேண்டாத மருந்துகளையும் நிறுத்தலாம். அதனால் டெஸ்ட் எடுத்தே ஆகவேண்டும், சென்னையில்தான் எடுக்கிறார்கள்.

பிறகு என்னைப் பார்த்து, அந்தக் குழியை இன்று யார் பெருக்கியது என்று கேட்டார். நான்தான் என்றேன். எனக்கும் ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று கையை நீட்டினேன். இன்று எடுத்தால் ஒன்றும் தெரியாது, உடம்பு எதிர்த்துச் சண்டை போட ஆரம்பித்த பிறகுதான் ரத்தத்தில் அதன் அடையாளம் வரும், ஆறு வாரத்துக்குள் ஜுரம் வந்தால் உடனே வாருங்கள் என்றார். கோமதியிடமிருந்து யாருக்கும் ஒட்டாது, தொடலாம், பக்கத்தில் உட்காரலாம் என்றும் சொன்னார். அவர் தைரியம் சொல்லத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது ஆறு வாரம் என்பது மட்டும்தான்.

விடிந்தால் கருட சேவை. வரதராஜப் பெருமாள் கருடன்மேல் ஏறிச் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டால் ஊர் முழுக்கத் தலைதான் தெரியும், வண்டி ஓடாது. வழக்கமாக ரத்த மாதிரி எடுத்துப்போகும் ஆள் அன்றைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார். ஒரு நாள் தள்ளலாமா என்ற பேச்சு வந்தது. கோமதிக்கு அன்று டயாலிசிஸ் தொடங்குவதாக இருந்தது, ஏழுமலை கையெழுத்துப் போட இருந்தாக வேண்டும். நான் போகிறேன் என்றேன். நாலு ஊருக்கு வழி எழுதுகிறவள், என் தங்கைக்காக ஒரு ஊருக்குப் போக மாட்டேனா.

காலை ஆறு மணிக்குக் கோமதியிடம் சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தார்கள். அரை மணி நேரம் அசைக்காமல் வைத்து உறையவிட்டு, மெஷினில் சுற்றினார்கள். மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்பதை ஒரு கட்டை விரல் அளவுக் குப்பியில் மாற்றினார்கள். சீரம் என்கிறார்கள், டெஸ்டுக்கு அதுதான் வேண்டும். குப்பியின் மூடியைச் சுற்றி ஒட்டி, பஞ்சில் சுருட்டி, கவரில் போட்டு, கவரை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, டப்பாவை ஐஸ் கட்டிகளுக்கு நடுவே தெர்மாகோல் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். சூடும் ஆகக்கூடாது, உறைந்தும் போகக்கூடாது, ஆய்வுக்கூடத்தில் வாங்குவது பகல் பன்னிரண்டு மணி வரைக்கும்தான். பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டேன். கோமதி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

7.25க்கு ஆட்டோ. டிரைவருக்கு முப்பது வயது இருக்கும், நெற்றியில் நாமம். ஏனாத்தூர் வழியாக நெடுஞ்சாலைக்கு ஒன்பது கிலோமீட்டர், திருவிழா என்பதால் நானூறு ரூபாய் கேட்டார், பேரம் பேசவில்லை. ஆனால் ஒரு சந்து வழியாகப் போனால் சீக்கிரம் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க, அந்தச் சந்து கருட சேவை பார்த்துவிட்டு வருகிற கூட்டத்தில் கொண்டுபோய் விட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. எட்டரைக்கே வெயில் சுட்டெரித்தது. நான் முந்தானையைப் பெட்டிமேல் போட்டு, அதன்மேல் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

கருட சேவை அன்று காஞ்சிபுரத்தில் வழியெல்லாம் நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். வெள்ளைப் பெட்டியோடு ஒரு பொம்பளை ஆட்டோவில் உட்கார்ந்திருந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு பெரியவர் வந்து ஆட்டோவுக்குள் கையை நீட்டினார்.

“மோராமா? ஒரு டம்ளர் குடும்மா, நாக்கு வறண்டு போச்சு.”

இல்லை தாத்தா என்றேன். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் வந்துவிட்டார்கள், ஒருத்தி பெட்டி மூடியிலேயே கை வைத்துவிட்டாள். ரத்தம் இருக்கிறது, கையை எடுங்கள் என்று கத்திவிட்டேன். பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிறவர்களிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது. எல்லாரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். ஆனால் அந்தப் பெரியவர்தான், யாருக்கு உடம்புக்கு என்று கேட்டார். தங்கைக்கு என்றேன். “வழி வுடுங்கப்பா, ஆஸ்பத்திரி சமாச்சாரம்” என்று அவரே முன்னால் நடந்து கூட்டத்தை ஒதுக்கினார். தாகத்தோடு வந்தவருக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூட நான் கொடுக்கவில்லை. என்னிடமும் இல்லை.

நெடுஞ்சாலையைத் தொட்டபோது மணி 9.20. ஒன்பது கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம். பூந்தமல்லி போகிற பேருந்து ஒன்று வந்தது, கட்டணம் நாற்பத்தெட்டு ரூபாய். கண்டக்டர் பெட்டியை முன்னால் இன்ஜின் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அந்த இடத்தில் வைத்தால் ஐஸ் அரை மணி தாங்காது. மடியிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றேன். உள்ளே என்ன என்று கேட்டார். மருந்து என்றேன். ரத்தம் என்று சொன்னால் இறக்கிவிட்டுவிடுவாரோ என்று பயம். வாய் தானாகவே பொய் சொல்லிவிட்டது, அப்போதுதான் ஏழுமலைமேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டியபோது போன் அடித்தது. டயாலிசிஸ் தொடங்கிவிட்டார்கள், பிரஷர் இறங்குகிறது என்கிறார்கள் கா என்று சொல்லிவிட்டு ஏழுமலை அழுதார். பக்கத்து சீட்டுப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் எவர் என்று தெரியாது, பூந்தமல்லி வரை விடவே இல்லை.

10.45க்குப் பூந்தமல்லி. அங்கிருந்து ஆய்வுக்கூடத்துக்கு ஆட்டோவில் பதினோரு கிலோமீட்டர், இருநூற்று எண்பது ரூபாய். 11.30க்கு வரவேற்பில் பெட்டியைக் கொடுத்தேன். டெஸ்டுக்குக் கட்டணம் இரண்டாயிரத்து நானூறு.

பெட்டியை வாங்கிய பெண் கையுறையோடு மூடியைத் திறந்து, ஐஸ் உருகாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். முக்கால்வாசி அப்படியே இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜுரம் தொடங்கி எத்தனையாவது நாள் என்று கேட்டாள். ஏழாம் நாள் என்றேன். நல்ல வேளை, முதல் இரண்டு மூன்று நாளில் எடுத்தால் சில சமயம் ஒன்றும் இல்லை என்று வந்துவிடும், ஜனங்கள் அதை நம்பி விட்டுவிடுவார்கள் என்றாள். குழிகுழியாக இருக்கிற ஒரு தட்டில் சீரத்தை விட்டு, மருந்து மேல் மருந்தாக ஊற்றிக் கழுவுவார்களாம். வைரஸை எதிர்க்கிற பொருள் சீரத்தில் இருந்தால் அந்தக் குழி நிறம் மாறும். ஒரு தடவை மாறினால் மட்டும் போதாது, வேறு கிருமியைப் பார்த்தும் மாறலாம். இரண்டு வாரம் கழித்து இன்னொரு மாதிரி அனுப்புங்கள், அதில் அளவு ஏறியிருந்தால்தான் உறுதி என்றாள். எலிக் காய்ச்சலுக்கும் மறுபடி பார்த்துவிடுவதாகச் சொன்னாள்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மருத்துவமனைக்குப் போன் செய்தேன். பிரஷர் இறங்குவது நின்று சரியாகிவிட்டது, தூங்குகிறாள் என்றார்கள். எத்தனையோ ஊரில் எத்தனையோ சாப்பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறேன். அன்றைக்கு எதிர்க்கடையில் என்ன சாப்பிட்டேன் என்றே ஞாபகம் இல்லை.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. ஹான்டாதான் என்று காட்டுகிறது, எலிக் காய்ச்சல் இல்லை. அதற்குள் கோமதிக்கு மூன்று டயாலிசிஸ் ஆகியிருந்தது. அன்று காலை முதல்முறையாகக் கொஞ்சம் மூத்திரம் போயிருந்தாள். நர்ஸ் அதை அளந்து சொன்னபோது பரீட்சையில் மார்க் கேட்பதுபோல நாங்கள் நின்று கேட்டோம்.

டாக்டரம்மா எங்களை அறைக்குக் கூப்பிட்டார். முதலாளியும் ஆப்பிள் பையோடு வந்திருந்தார், அவரும் கூடவே வந்து உட்கார்ந்தார். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது. எலி எங்கே இருந்தது, அந்த வீட்டில் வேறு யாருக்காவது ஜுரம் உண்டா, சுகாதாரத் துறைக்கும் சொல்ல வேண்டும் என்றார் டாக்டரம்மா. நான் ஏழுமலையைப் பார்த்தேன். இன்னொரு தரம் மழுப்பினால் நானே போட்டு உடைத்துவிடுவது என்று இருந்தேன். அவர் டாக்டரைப் பார்க்காமல் முதலாளியைப் பார்த்துப் பேசினார்.

“எலி என் தறிக்குழியில இருந்துது முதலாளி. அந்த முகூர்த்தப் பாவக் கடிச்சிருக்குது. ஒரு சாண் அளவுக்கு முடிஞ்சி வெச்சிருக்கறேன். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு டாக்டர்கிட்டயே பொய் சொல்லிட்டேன்.”

முதலாளி கத்துவார் என்று நினைத்தேன். அவர் ஆப்பிள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

“நீ முடிஞ்சது எங்க வூட்டு எலி கடிச்சதுபா. மாடியில வெச்சிருந்தப்பவே கடிச்சிருந்துது. உனக்குத் தெரிஞ்சா ராசி இல்லாத பாவுன்னு வாங்க மாட்டியேன்னு, கடிச்ச பக்கத்த உள்ள திருப்பிச் சுருட்டிக் குடுத்தது நான்தான்.”

இரண்டு பேரும் ஒரே கடியைத்தான் ஒருவருக்கு ஒருவர் மறைத்திருக்கிறார்கள். நடுவில் கிடந்தவள் என் தங்கை. எனக்குக் கோபம்கூட வரவில்லை. டாக்டரம்மா யார் வீட்டு எலி என்பதையெல்லாம் விட்டுவிட்டு, அந்த மாடியை யார் பெருக்குவார்கள் என்று மட்டும் கேட்டார். முதலாளியின் முகம் அப்போதுதான் மாறியது.

“எம் பொண்ணு மேடம். அவதான் பாவத் தட்டி எடுத்து வெப்பா. அவளுக்கு முந்தாநாள்ல இருந்து ஜுரம். கருட சேவைக்கு வெயில்ல நின்னுக்கினு இருந்தா, அதனாலன்னு நெனச்சி வூட்லயே படுக்க வெச்சிருக்கறோம்.”

சொல்லிவிட்டு எழுந்தார். ஆப்பிள் எல்லாம் தரையில் உருண்டது, யாரும் எடுக்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டே படிக்கட்டில் இறங்கி ஓடினார்.

கோமதி இப்போது வீட்டில் இருக்கிறாள். இரண்டாவது மாதிரியில் அளவு பல மடங்கு ஏறியிருந்தது, ஹான்டாதான் என்று உறுதியாகிவிட்டது. கிட்னி முக்கால்வாசி தேறிவிட்டது, உப்பில்லாமல் சாப்பிடச் சொன்னால் என்னைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. குழியில் பிளீச்சிங் கரைத்த தண்ணீரைத் தெளித்து, அரை மணி ஊறவிட்டு, கையுறையும் முகமூடியும் போட்டு ஈரத்துணியால் வழித்து எடுத்தார்கள். தறிக்கால் ஊறினால் ஊறட்டும் என்று ஏழுமலையே சொன்னார். நான் தினமும் இரண்டு வேளை தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறேன். தும்மல் வந்தால் தூக்கம் போய்விடுகிறது. டாக்டரம்மா சொன்ன ஆறு வாரம் இன்னும் முடியவில்லை.

இப்படி ஒரு பயணம் உங்களுக்கு வரவே வேண்டாம். வந்தால், மாதிரி எடுப்பதற்கு முன்பே ஆய்வுக்கூடத்துக்குப் போன் செய்து எத்தனை மணி வரை வாங்குவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் கடிதத்தில் ஜுரம் தொடங்கிய தேதி இருக்க வேண்டும். ஐஸ் கட்டி ஒன்று கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள். திருவிழா நாளில் சந்து பொந்து வேண்டாம், சுற்றுவழியே சீக்கிரம். பெட்டியை மடியைவிட்டு இறக்காதீர்கள், பெட்டிமேல் பெரிய எழுத்தில் மருத்துவ மாதிரி என்று எழுதி ஒட்டுங்கள், மோர் கேட்டு யாரும் வர மாட்டார்கள். ஜுரத்தில் நீங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், கிட்னிக்கு அது இன்னும் கெடுதல். முதல் டெஸ்டில் இல்லை என்று வந்தால் உடனே விட்டுவிடாதீர்கள், இரண்டாவதும் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

இன்று காலை முதலாளி போன் செய்தார். அவர் மகளுக்கு முதல் மாதிரியில் ஒன்றும் இல்லை என்றுதான் வந்தது, ரொம்பச் சீக்கிரம் எடுத்துவிட்டதால் அதை நம்ப முடியாது, இரண்டு வாரம் கழித்து இன்னொன்று அனுப்ப வேண்டும் என்றார்களாம், அது நாளைக்கு. அவளுக்கும் தட்டணுக்கள் இறங்கி, இப்போதுதான் மெல்ல ஏறத் தொடங்கியிருக்கின்றன. கூரியர் ஆள் இருக்கிறார், ஆனாலும் தானே எடுத்துப்போவதாகச் சொன்னார். எந்த வழி, எத்தனை ஐஸ் கட்டி, பெட்டியை எங்கே வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மேலே நான் எழுதியிருப்பதைத்தான் அவருக்கும் சொன்னேன். போகிற இடத்தில் என்னென்ன கேட்பார்கள் என்று கடைசியாகக் கேட்டார். ஜுரம் வந்த தேதி கேட்பார்கள், எலி இருந்ததா என்று கேட்பார்கள் என்றேன்.

“கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன் மா” என்றார்.